வேலை போன பிறகு யாரிடம் பேசுவது, எப்படிப் பேசுவது

எனக்கு வேலை போன அன்று சாயங்காலம் நான் செய்த முதல் காரியம் போனைக் கவிழ்த்து வைத்ததுதான். அப்புறம் ஆறு வாரம், வீட்டில் இருப்பவர்களைத் தவிர வேறு யாரிடமும் விஷயத்தைச் சொல்லவில்லை. காலையில் உட்கார்ந்தால் மதியம் வரை வேலைவாய்ப்புத் தளங்களில் விண்ணப்பம் போடுவேன், பதில் வராது, மறுநாளும் அதையே செய்வேன். ஏழாவது வாரம்தான் ஒருவருக்குப் போன் செய்தேன். பழைய கம்பெனியில் அவர் கணக்குப் பிரிவு, நான் கிடங்கு. ஒரு வருடக் கடைசியில் சரக்கு இருப்பும் கணக்கும் ஒத்துப்போகாமல் இரண்டு ராத்திரி ஒன்றாக உட்கார்ந்து வரிவரியாகச் சரிபார்த்தோம், அவ்வளவுதான் எங்கள் பழக்கம். அதற்கப்புறம் நான்கு வருடம் பேச்சே இல்லை. விஷயத்தைச் சொன்னதும் அவர் கேட்டது இது: "ஏங்க இதை முன்னாடியே சொல்லலை? எங்க ஆபீஸ்ல கிடங்குக்கு ஆள் தேடி ரெண்டு மாசம் அலைஞ்சாங்க, போன வாரம்தான் ஒருத்தரை எடுத்தாங்க."

அந்த வேலைக்கு விளம்பரமே வரவில்லை. நான் தினம் தேடிக்கொண்டிருந்த எந்தத் தளத்திலும் அது இருந்திருக்காது. நீங்களும் அப்படி ஆறு வாரத்தை இழக்கக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். முதல்முறை வேலை போய், என்ன செய்வதென்று தெரியாமல் இருப்பவர்களை மனதில் வைத்து எழுதியது.

முதல் சில நாள்: இன்னும் யாருக்கும் எழுத வேண்டாம்

உடனே எல்லாருக்கும் மெசேஜ் தட்டிவிடாதீர்கள். கோபமும் அவமானமும் கலந்து கிடக்கிற நேரத்தில் எழுதியது பின்னால் நம்மையே சுடும். ஆனால் அந்தக் கோபத்தை எங்காவது இறக்கி வைத்தாக வேண்டும், அதற்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும். இதைச் சும்மா சொல்லவில்லை. ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற உளவியலாளரும் சகாக்களும் செய்த ஓர் ஆய்வு 1994-ல் வெளிவந்தது. வேலை இழந்தவர்களில் ஒரு பகுதியினரிடம், வேலை போனதைப் பற்றி மனதில் இருப்பதை எல்லாம் தினம் 20 நிமிடம் வீதம் 5 நாள் எழுதச் சொன்னார்கள். எழுதியவர்களுக்கு மற்றவர்களைவிடச் சீக்கிரம் வேலை கிடைத்தது. அவர்கள் கூடுதலாகத் தேடியதால் இல்லை, பழைய வேலையைப் பற்றிய மனநிலை மாறியதால் என்றுதான் ஆய்வாளர்கள் நினைத்தார்கள். எனக்கு இது ரொம்ப நியாயமாகப் படுகிறது. நோட்டில் கொட்டாத கசப்பு இன்டர்வியூ அறையில் எப்படியும் வெளியே வந்துவிடும்.

இந்த நாட்களில் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அலுவலக மின்னஞ்சல் இன்னும் திறந்திருந்தால், கூட வேலை பார்த்தவர்களிடம் அவர்களுடைய சொந்த நம்பரைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், உங்களுடையதையும் கொடுத்துவிடுங்கள். மற்றபடி கம்பெனியின் கோப்பு, வாடிக்கையாளர் பட்டியல் எதையும் தொடாதீர்கள், அது வேறு சிக்கலில் கொண்டு போய் விடும். கணக்கு ஏற்கெனவே மூடப்பட்டுவிட்டதா? பரவாயில்லை, லிங்க்ட்இன் என்ற வேலைத் தொடர்புத் தளத்தில் முக்கால்வாசிப் பேரைத் தேடி எடுத்துவிடலாம்.

நடந்ததை இரண்டு வரியில் சொல்லப் பழகுங்கள்

யாரிடம் பேசினாலும் முதல் கேள்வி "என்னாச்சு?" என்பதுதான். அங்கே தடுமாறினால் மீதிப் பேச்சு முழுக்க அந்தத் தடுமாற்றமே ஓடும். அதனால் முன்கூட்டியே இரண்டு வரி தயார் செய்து, வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு வரியில் நடந்தது, ஒரு வரியில் அடுத்து என்ன. "எங்கள் பிரிவையே மூடிவிட்டார்கள், அதில் என் வேலையும் போனது. இப்போது கிடங்கு மேற்பார்வை வேலையாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்." இவ்வளவு போதும். பழைய மேனேஜர் எப்படிப்பட்டவர், யார் காட்டிக்கொடுத்தார் என்பதெல்லாம் நோட்டுப் புத்தகத்தோடு நிற்கட்டும்.

ஆள் குறைப்பில் போகாமல், உங்கள் வேலை சரியில்லை என்று சொல்லி அனுப்பியிருந்தால் கொஞ்சம் கஷ்டம்தான். அப்போதும் பொய் வேண்டாம், உங்களுக்குத் தெரிந்தவர்களுக்கு அங்கேயும் தெரிந்தவர்கள் இருப்பார்கள். "அந்த வேலையும் நானும் பொருந்தவில்லை, எனக்கு நன்றாக வருவது இது" என்று சொல்வதில் தப்பே இல்லை.

பட்டியல் போடும்போது நெருக்கத்தைப் பார்க்காதீர்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள்.

கஷ்டம் என்று வந்தால் நெருங்கியவர்களிடம்தான் முதலில் போவோம். மனசுக்கு அது வேண்டும், ஆனால் வேலை பெரும்பாலும் அங்கிருந்து வருவதில்லை. மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர், பாஸ்டனுக்குப் பக்கத்தில் உள்ள நியூட்டனில், அப்போதுதான் வேலை மாறியவர்களைத் தேடிப் பிடித்துப் பேசினார். தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களிடம், "அந்த ஆளை அந்தச் சமயத்தில் எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள்?" என்று கேட்டார். வாரத்துக்கு இரண்டு முறையாவது பார்ப்போம் என்றவர்கள் 16.7 சதவீதம்தான். எப்போதாவது பார்ப்போம் என்றவர்கள் 55.6 சதவீதம். வருடத்துக்கு ஒருமுறையோ அதைவிடக் குறைவாகவோதான் பார்ப்போம் என்றவர்களே 27.8 சதவீதம் இருந்தார்கள். 1973-ல் வந்த சின்ன ஆய்வுதான், ஆனால் 2022-ல் லிங்க்ட்இன் பயன்படுத்தும் 2 கோடிப் பேரை 5 வருடம் கவனித்த பெரிய ஆய்வும் கிட்டத்தட்ட இதையே சொன்னது: மிக நெருங்கியவர்களைவிட, ஓரளவு மட்டும் பழக்கமுள்ளவர்கள் வழியாகத்தான் வேலை மாற்றம் அதிகம் நடக்கிறது. முகமே தெரியாத அளவுக்குத் தூரத்தில் இருப்பவரும் பெரிதாக உதவுவதில்லை, இரண்டுக்கும் நடுவில் இருப்பவர்தான்.

காரணம் யோசித்தால் எளிது. உங்கள் நெருங்கிய நண்பருக்குத் தெரிந்த செய்தி பெரும்பாலும் உங்களுக்கும் தெரிந்திருக்கும், இரண்டு பேரும் ஒரே வட்டத்துக்குள் இருக்கிறீர்கள். நான்கு வருடம் பேசாத கணக்குப் பிரிவுக்காரர் வேறு கட்டடத்தில், வேறு ஆட்களோடு உட்கார்ந்திருக்கிறார். அவர் காதில் விழுவது உங்கள் காதில் விழாது.

அதனால் பட்டியலை இப்படிப் போடுங்கள். ஒரு தாளில் நீங்கள் பார்த்த ஒவ்வொரு வேலையையும் எழுதி, அதன் கீழே "நான் வேலை செய்வதைக் கண்ணால் பார்த்தவர்கள்" யார் யார் என்று எழுதுங்கள். நட்பு இருந்ததா, பிறந்தநாளுக்கு வாழ்த்து சொல்வாரா என்பதெல்லாம் வேண்டாம். பொருள் சப்ளை செய்தவர், உங்களிடம் வாங்கியவர், வேறு பிரிவில் இருந்து தினம் சண்டை போட்டவர் (சண்டை வேலைக்காக நடந்ததென்றால் அவர் உங்களை நன்றாகவே ஞாபகம் வைத்திருப்பார்), உங்களுக்கு முன்னால் வெளியேறியவர், தணிக்கைக்கு வந்தவர், பயிற்சி கொடுத்தவர், உங்களோடு சேர்த்து வேலையை இழந்தவர்கள். முதல் நாள் பத்துப் பெயர் வரும். இரண்டு நாள் கழித்துத் திரும்ப எடுத்துப் பார்த்தால் முப்பது ஆகிவிடும்.

இரண்டு வகை ஆட்களை விட்டுவிடப் பார்ப்போம், விடக் கூடாது. ஒன்று, நம்மிடம் வேலை கற்றுக்கொண்ட சின்னவர்கள். அவர்களிடம் போய்க் கேட்பதா என்று எனக்கும் ரொம்பக் கூச்சமாக இருந்தது. நான் சேர்த்துப் பழக்கிய ஒரு பெண் இன்று வேறொரு இடத்தில் ஒரு டீமையே நடத்துகிறார், அவருக்கு மெசேஜ் அனுப்பவே மூன்று நாள் யோசித்தேன். அனுப்பின ஐந்தாவது நிமிடம் போன் வந்தது. "சொல்லுங்கண்ணா, நீங்க போட்டுக் கொடுத்த அந்த ஸ்டாக் ஷீட்டைத்தான் நான் இன்னமும் யூஸ் பண்றேன்" என்றார். மூன்று நாள் யோசித்திருக்கவே வேண்டாம்.

இன்னொன்று, உங்களை அனுப்பிய அதே மேனேஜர். ஆள் குறைப்பு முடிவு பல சமயம் அவருக்கு மேலே எடுக்கப்படுவது, அவர் அதைச் சொல்ல மட்டும் வந்திருப்பார், மனதுக்குள் ஒரு குற்ற உணர்ச்சியும் இருக்கும். கொஞ்ச நாள் ஆறியதும், "என் வேலையைப் பற்றி யாராவது விசாரித்தால் நீங்கள் இரண்டு வார்த்தை சொல்வீர்களா?" என்று கேட்டுப் பாருங்கள். அவர் இழுத்தால், வேறு ஒரு மேலதிகாரியை ரெஃபரன்ஸுக்கு வைத்துக்கொள்ள வேண்டும் என்பதாவது தெரிந்துவிடும்.

மெசேஜ் எழுதுவது

எனக்கு இதுவரை வந்த மெசேஜ்களில் பாதிக்கு மேல் இப்படித்தான் இருக்கும்: "வணக்கம் சார், நலமா? வேலை தேடிக்கொண்டிருக்கிறேன். ஏதாவது ஓப்பனிங் இருந்தால் சொல்லுங்கள். ரெஸ்யூமே இணைத்திருக்கிறேன்." நல்ல மனசுள்ளவருக்குக்கூட இதற்கு என்ன பதில் போடுவதென்று தெரியாது. "ஏதாவது" என்றால் எது? ரெஸ்யூமேயைத் திறந்து படித்து, யோசித்து, பொருத்தமான வேலை இருக்கிறதா என்று விசாரித்து, இவ்வளவையும் அவர் தலையில் போட்டிருக்கிறோம். "சரி, பார்த்துச் சொல்றேன்" என்று பதில் வரும், அத்தோடு முடிந்துவிடும்.

நான் கணக்குப் பிரிவுக்காரரிடம் பேசிய பிறகு, மற்றவர்களுக்கு அனுப்பியது கிட்டத்தட்ட இந்த மாதிரி இருந்தது:

"வணக்கம் சார். கிடங்கை இடம் மாற்றியபோது லாரி வரிசையை நீங்கள் பார்த்துக்கொண்டீர்கள், உள்ளே அடுக்கும் வேலையில் நான் இருந்தேன். எங்கள் பிரிவை மூடியதில் என் வேலை முடிந்துவிட்டது. கிடங்கு மேற்பார்வை, சரக்கு இருப்புக் கணக்கு, இந்த இரண்டில்தான் அடுத்த வேலை பார்க்கிறேன். நீங்கள் இப்போது இருக்கும் இடத்தில் இந்த வேலை எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசை. இந்த வாரம் ஒரு பதினைந்து நிமிடம் போனில் பேச முடியுமா? இப்போது முடியாவிட்டால் பரவாயில்லை சார், அப்புறம் பேசுவோம்."

இதில் என்ன இருக்கிறதென்று பாருங்கள். முதல் வரியிலேயே இரண்டு பேருக்கும் பொதுவான ஒரு காட்சி இருக்கிறது, "என்னை ஞாபகம் இருக்கிறதா" என்று கேட்டு அவரைச் சங்கடப்படுத்தவில்லை. வேலை போனது ஒரே வரி, புலம்பல் இல்லை. என்ன வேலை தேடுகிறேன் என்பது அவர் இன்னொருவரிடம் அப்படியே சொல்லக்கூடிய அளவுக்குத் தெளிவாக இருக்கிறது. கேட்டது வேலை இல்லை, விவரம். வேலை கொடு என்றால் பெரும்பாலானவர்கள் கையில் அது இருக்காது, அதனால் ஒதுங்குவார்கள். விவரம் எல்லாரிடமும் இருக்கிறது, தன் வேலையைப் பற்றிக் கேட்டால் பேசாதவர்கள் குறைவு. கடைசி வரியில் மறுப்பதற்கும் ஒரு கதவு திறந்து வைத்தாயிற்று.

ஒரே மெசேஜை முப்பது பேருக்குக் காப்பி பேஸ்ட் செய்யாதீர்கள். முதல் வரியை ஒவ்வொருவருக்கும் தனியாக எழுதுங்கள், மீதி அப்படியே இருந்தால் போதும். ஒரு நாளைக்கு நான்கு, ஐந்து பேர். எளிதாகப் பேசக்கூடியவர்களோடு ஆரம்பியுங்கள், அந்த இரண்டு வரி வாயில் படிந்த பிறகு பெரிய இடங்களுக்குப் போகலாம்.

அந்தப் பதினைந்து நிமிடம்

அவர் பேசட்டும். "உங்கள் இடத்தில் இந்த வேலைக்கு ஆள் எடுக்கும்போது எதைப் பார்க்கிறார்கள்? என் அனுபவத்தில் எது குறைகிற மாதிரித் தெரிகிறது? இந்தத் துறையில் இப்போது எங்கே ஆள் எடுக்கிறார்கள்?" இந்த மூன்று கேள்விக்கே நேரம் ஓடிவிடும். இரண்டாவது கேள்விக்கு வரும் பதில் கொஞ்சம் குத்தும். விளக்கம் கொடுக்க ஆரம்பிக்காதீர்கள், எழுதிக்கொள்ளுங்கள். நான் பயன்படுத்திய மென்பொருள் பழையது, இப்போது பெரிய கிடங்குகளில் வேறு மாதிரி நடக்கிறது என்று எனக்கு அப்படித்தான் தெரிந்தது. அதற்கப்புறம் இரண்டு வாரம் உட்கார்ந்து அதைக் கற்றுக்கொண்டேன்.

போனை வைப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "நான் வேறு யாரிடம் பேசினால் நல்லது என்று நினைக்கிறீர்கள்? உங்கள் பெயரைச் சொல்லலாமா?" கணக்குப் பிரிவுக்காரரிடம் வேலை இல்லை, ஆனால் இந்தக் கேள்விக்கு அவர் இரண்டு நம்பர் கொடுத்தார். ஒன்று எடுக்கவே இல்லை. இன்னொன்று ஒரு போக்குவரத்து நிறுவனத்தில் இருந்தவர், அவர் இன்னொருவரைச் சொன்னார், அந்த மூன்றாவது ஆளின் இடத்தில்தான் எனக்கு வேலை அமைந்தது. அவரை அதற்கு முன்னால் நான் பார்த்ததுகூட இல்லை.

அன்று ராத்திரிக்குள் ஒரு நன்றி மெசேஜ் போடுங்கள், அவர் சொன்னதில் எதைச் செய்யப்போகிறீர்கள் என்று ஒரு வரி சேர்த்து. பேசியதை எக்ஸெலில் ஏற்றிவிடுங்கள்: பெயர், எங்கே தெரியும், எப்போது பேசினேன், என்ன சொன்னார், அடுத்து என்ன. மூன்றாவது வாரம் யார் எதைச் சொன்னார் என்பதெல்லாம் குழம்பிவிடும், அப்போது இந்த ஷீட்தான் காப்பாற்றும்.

ரெஃபரல் கேட்பது

ஓர் இடத்தில் உங்களுக்குப் பொருத்தமான வேலை இருப்பது தெரிந்துவிட்டது, அங்கே உங்களைத் தெரிந்தவரும் இருக்கிறார் என்றால், நீங்களே தளத்தில் போய் அவசரமாக விண்ணப்பிக்காதீர்கள். முதலில் அவரிடம் கேளுங்கள். பல நிறுவனங்களில், ஒருவர் தானாக விண்ணப்பித்துவிட்டால் அதற்கப்புறம் உள்ளே இருப்பவர் உங்களை ரெஃபரலாக, அதாவது தன் பரிந்துரையாக, பதிவு செய்ய அந்த சிஸ்டம் விடாது. ஒரு நாள் பொறுத்தால் தப்பில்லை.

கேட்பதைப் பிச்சையாக நினைக்க வேண்டாம். நிறைய நிறுவனங்கள் ஆள் கொண்டுவரும் ஊழியருக்கு ஊக்கத்தொகையே கொடுக்கின்றன. ஆனாலும் அவர் தன் பெயரை உங்களுக்காக அடகு வைக்கிறார் என்பது ஞாபகம் இருக்கட்டும், அதனால் "நான் வேலை செய்வதைப் பார்த்திருக்கிறீர்கள், மனசுக்குச் சரியென்று பட்டால் மட்டும் செய்யுங்கள்" என்று சொல்லிவிடுங்கள். அவர் வேலையை லேசாக்குங்கள்: வேலையின் லிங்க், ரெஸ்யூமே (கோப்பின் பெயரில் உங்கள் பெயர் இருக்கட்டும், "ஃபைனல் நியூ 3" என்று இருக்க வேண்டாம்), எச்.ஆருக்கு அவர் அப்படியே ஃபார்வர்டு செய்யக்கூடிய மாதிரி உங்களைப் பற்றி நான்கு வரி.

ரெஃபரலுக்கோ இன்டர்வியூவுக்கோ யாராவது பணம் கேட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். வேலை போனவர்களைக் குறிவைத்துத் திரிகிறவர்கள் இருக்கிறார்கள், நாம் தளர்ந்திருக்கும் நேரம் அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

பதில் வராதபோது

வராது. நிறையப் பேரிடம் இருந்து வராது. ஒரு வாரம், பத்து நாள் கழித்து ஒரே ஒரு முறை ஞாபகப்படுத்துங்கள், அதற்கும் பதில் இல்லையென்றால் விட்டுவிடுங்கள். அவர் வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லாமல் இருக்கலாம், அவர் வேலையே ஆட்டம் கண்டுகொண்டிருக்கலாம். எனக்கு ஒருவர் நான்கு மாதம் கழித்துப் பதில் போட்டார், என் மெசேஜ் அவருக்குப் போன அன்று அவரும் வேலையை இழந்திருந்தார்.

தெரிந்தவர்களே இல்லை என்கிறவர்களுக்கு

ஒரே இடத்தில் பல வருடம் இருந்தவர்கள், இப்போதுதான் வேலைக்கு வந்தவர்கள் இப்படிச் சொல்வார்கள். உங்களோடு வேலை இழந்தவர்களிடமிருந்து ஆரம்பியுங்கள். நாலைந்து பேர் சேர்ந்து வாரம் ஒருமுறை, குறித்த நேரத்தில் பேசுங்கள். எனக்குப் பொருந்தாத வேலை உங்களுக்குப் பொருந்தும், ஒருவர் போன இன்டர்வியூவில் கேட்ட கேள்வி இன்னொருவருக்கு உதவும். அவர்களில் முதலில் வேலை கிடைக்கிறவர் உள்ளே இருந்து மற்றவர்களுக்குச் சொல்வார். உங்கள் துறைக்காரர்கள் இணையத்தில் கூடும் இடங்களில் தினம் ஒரு கேள்விக்குப் பதில் எழுதினாலும் இரண்டு மாதத்தில் உங்களை நாலு பேருக்குத் தெரியும்.

வாரச் சந்திப்பை வேலைக்காக மட்டும் சொல்லவில்லை. 1930-களின் தொடக்கத்தில் ஆஸ்திரியாவில் மரியன்தால் என்ற கிராமத்தில் பஞ்சாலை மூடப்பட்டு ஊரே வேலை இழந்தபோது, மரி யஹோடா என்ற சமூக உளவியலாளரும் சகாக்களும் அங்கே போய் இருந்து கவனித்தார்கள். கையில் நேரம் எக்கச்சக்கமாக இருந்தும் நூலகத்தில் புத்தகம் எடுப்பது குறைந்தது, ஆண்கள் தெருவில் மெதுவாக நடந்தார்கள், அடிக்கடி நின்றார்கள். படித்தபோது என் ஆறு வாரம்தான் கண் முன்னால் வந்தது. வியாழக்கிழமை பத்து மணிக்கு நாலு பேர் போனில் காத்திருக்கிறார்கள் என்று இருந்தால், அன்றைக்காவது எழுந்து, குளித்து, சொல்ல ஏதாவது வைத்துக்கொண்டு உட்காருவோம்.

வேலை கிடைத்த பிறகு

முதல் வாரத்திலேயே, பட்டியலில் பேசிய எல்லாருக்கும் சொல்லிவிடுங்கள், உதவ முடியாமல் போனவர்களுக்கும் சேர்த்து. "உங்களிடம் பேசியது எனக்குத் தெம்பாக இருந்தது, இன்ன இடத்தில் சேர்ந்துவிட்டேன்" என்று இரண்டு வரி. பலர் இதைச் செய்வதில்லை, உதவி செய்தவருக்கு அந்த ஆள் என்ன ஆனார் என்றே தெரியாமல் போய்விடுகிறது.

எக்ஸெல் ஷீட்டை அழிக்காதீர்கள். கடைசியில் ஒரு கட்டம் சேர்த்து, "இவருக்கு என்ன தேவைப்படும்" என்று தலைப்புப் போட்டுக்கொள்ளுங்கள். பேச்சுவாக்கில் அவர்கள் சொன்னது எல்லாம் அங்கே போகட்டும். கணக்குப் பிரிவுக்காரரின் வரிசையில் நான் எழுதி வைத்திருந்தது, "மகளுக்கு இன்டர்ன்ஷிப்". புது வேலையில் சேர்ந்து ஏழெட்டு மாதம் கழித்து எங்கள் அலுவலகத்தில் அதற்கு ஆள் கேட்டார்கள். அன்று மதியமே அவருக்குப் போன் செய்தேன்.